பெருமாட்டிக்கு ஒரு சொந்த லோடு

வீடு மாற்றும் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஊரிலுள்ள எல்லார் கட்டிலுக்கும் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும். தன் கட்டிலுக்கு அடியில் கிடப்பது மட்டும் தெரியாது. மூணாறு, பள்ளிவாசல் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து அடிமாலிக்கு, ரிட்டயர் ஆனவர்களை மலையை விட்டே கீழே என்று எத்தனையோ குடும்பங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஐம்பத்து நாலாவது வயதில் என் வீட்டையே ஏற்ற வேண்டி வந்தது. கூடவே இரண்டே முக்கால் வயதில் ஒரு மகள். நடக்கத் தெரிந்து, சொன்னது கேட்கத் தெரியாத பிள்ளையோடு வீடு மாற்றிய சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பத்துப் பெட்டிக்குச் சமம்

வீடு மாற்ற வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது பீரோ எத்தனை, கட்டில் எத்தனை என்றல்ல; மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை உண்டா என்றுதான். உண்டு என்றால் பத்துப் பெட்டி கூடுதல் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வேன். பிள்ளையை முந்தின நாளே தாயோடு பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் விடுங்கள் என்று அறிவுரை வேறு சொல்வேன். கேட்காமலே சொல்வேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், தேயிலை பேக்டரியில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா வீட்டை ஏற்றப் போயிருந்தோம். அவர் பையன் நாங்கள் கயிறு இழுக்கிற பக்கமெல்லாம் வந்து தொங்கினான். வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் ஒற்றை ஒற்றையாக்கி மூலைக்கு ஒன்றாகப் போட்டான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவன் அம்மா சமையல்கட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன், அதுதான் இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஒங்களுக்குப் பிள்ள இல்லேல்லாண்ணே, அதான் அடக்கி வைக்கலாம்னு நினைக்கீங்க."

எதிர்க்கட்சி

என் மனைவி வசந்தா டீச்சர். எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தாறு ஆனபோதுதான் எங்களுக்குக் கல்யாணம். மூன்று வருஷம் கழித்து மீனு பிறந்தாள். வசந்தாவுக்கு இத்தனை காலமும் தற்காலிக வேலைதான். ஜூனில் கூப்பிடுவார்கள், மார்ச்சில் அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வருஷம் இப்படி ஓடிய பிறகு ஒருநாள் நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தது. பாலக்காட்டுப் பக்கம், பெருமாட்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். ஃபோனில் வந்ததை அவள் நாலு தடவை படித்தாள். நான் ஒரு தடவை படித்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது ஒரு நிபந்தனை போட்டேன். அங்கே போய் மாதக் கடைசிவரை பார்ப்போம். பிள்ளைக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நானும் மீனுவும் மலைக்குத் திரும்பிவிடுகிறோம். நீ அங்கே ஒரு ரூம் எடுத்துத் தங்கு, சனி ஞாயிறு வந்து போ. பள்ளிவாசல் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அதுவரை வீட்டை யாருக்கும் விடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். எல்லாம் பிள்ளைக்காகத்தான் என்றேன். வசந்தா சோற்றைப் பிசைந்தபடி சரி என்றாள். குடும்பம் ரெண்டாகிவிடுமோ என்கிற பயம் அந்தச் சரியிலேயே இருந்தது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மீனு சும்மா பிள்ளை இல்லை, தொழில் தெரிந்த பிள்ளை. அம்மா பள்ளிக்கூடம் போகும் நாட்களில் எனக்கும் லோடுமேன் முருகையாவுக்கும் நடுவில் கேபினில் உட்கார்ந்து வளர்ந்தவள். சாமானை ஏற்றுவது, போவது, இறக்குவது, அந்த வீட்டில் டீ குடிப்பது, டாட்டா காட்டுவது, நம்ம வீட்டுக்குத் திரும்புவது: இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். அடுத்தவர் வீட்டில் கட்டி வைத்த பெட்டியைத் தொடமாட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் பெட்டி கட்டிய மூன்று நாளும், பகலில் நாங்கள் கட்டியதைச் சாயங்காலம் அவள் அவிழ்த்தாள். கரண்டி செருப்புப் பெட்டிக்குப் போனது. அரிசி டிரம்மில் என் காலுறை கிடந்தது. குக்கர் வெயிட்டைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிய பிறகு, முருகையாவின் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தோம். முருகையா எங்கள் ஆள்தான், ஆனால் பேச்சில் யாரையும் விட்டுவைக்கமாட்டான். வெயிட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, நம்ம தொழிலுக்கு வந்த எதிர்க்கட்சில்லா இது."

கேரளாவிலிருந்து கேரளாவுக்கு

கேரளாவில் ஒரு மலையிலிருந்து கேரளாவில் ஒரு சமவெளிக்குப் போவதற்கு நாங்கள் நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, பிறகு மறுபடியும் கேரளா. மறையூர்ப் பக்கம் சந்தனக் காடு இருப்பதால் மரச்சாமான் ஏற்றிய வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். என்னை அங்கே தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்கு நின்றது புதிதாக வந்த ஓர் இளம் ஃபாரஸ்ட் கார்டு. யார் சாமான் என்று கேட்டார். சொந்தச் சாமான், வீடு மாற்றிப் போகிறோம் என்றேன். வசந்தா மடியிலிருந்த மீனு ஜன்னலில் தலையை நீட்டி, இல்லை, இது இவங்க சாமான் என்று அம்மாவைக் காட்டினாள். தார்ப்பாய்க்குக் கீழே போய்விட்டால் அது அடுத்தவர் சாமான். அவள் பார்த்த உலகத்தில் அப்படித்தான்.

கார்டு பேனாவை மூடினார். நரைத்த தாடியோடு ஒருவன், அவனைவிட ரொம்ப இளையவளாக ஒரு பெண், சொந்தச் சாமான் இல்லை என்று சொல்கிற ஒரு குழந்தை. அவர் பார்த்த பார்வையில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. முருகையா வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான். தார்ப்பாயை அவிழ்த்தோம். கார்டு மேலே ஏறிக் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார், பீரோவின் முதுகைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே தலைகீழாகக் கட்டியிருந்த மீனுவின் சிவப்பு சைக்கிள் கண்ணில் பட்டது. கார்டு இறங்கி வந்து, மலையாளம் கலந்த தமிழில் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சாமான் மோளோடது இல்லை, சரி. அப்போ அந்த மூணு வீல் வண்டி ஓட்டுறது சேட்டனா?"

பால் பெட்டி

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். புது வீட்டில் முதலில் பால் காய்ச்சுவார்கள் என்பதால், பால் பாத்திரம், சின்ன அடுப்பு, விளக்கு, உப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, பின்கதவை ஒட்டிக் கடைசியாக வைப்போம். பால் பெட்டி என்று அதற்குப் பெயர். மறந்துபோகிற பெண்களிடம் நானே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

நாங்கள் போனது ஒரு வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம். மீனு சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பெருமாட்டிக்கு வந்து சேரும்போது பன்னிரண்டே கால். வீட்டுச் சொந்தக்காரர் சின்னச்சாமி, கறந்த பாலைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். என் வயதுக்காரர், தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறார். பின்கதவைத் திறந்தேன். பால் பெட்டி இல்லை. அது கேபினை ஒட்டி, அடிமூலையில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் அப்பால் இருந்தது. அத்தனை சாமானுக்கும் முன்னால் முதல் பெட்டியாக ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவன் நான்தான். முருகையா அப்போது மீனுவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என் வீட்டுப் பாத்திரம் தருகிறேன் என்றார் சின்னச்சாமி. முதல் பால் சொந்தப் பாத்திரத்தில்தான் பொங்க வேண்டும் என்று வசந்தா மறுத்துவிட்டாள். ஆக மொத்த லோடும் ஒரு மணி நேரத்தில் இறங்கியது. சின்னச்சாமியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பீரோவுக்குத் தோள் கொடுத்தார். ஒன்று இருபதுக்குப் பால் பொங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர் வீட்டுக்கும் நான் செய்யாத தப்பு அது. கை தவறிச் செய்ததா, அல்லது அந்த வீட்டில் பால் பொங்கக் கூடாது என்று எனக்குள் யாராவது நினைத்தார்களா? அந்தக் கேள்வியோடு நான் நிற்கையில், சின்னச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டார்:

"ஏனுங்க, நீங்க வண்டி ஓட்ட வந்து எத்தன நாளாச்சுங்க?"

மீனு விடைபெற்றது

முருகையாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. லோடு இறக்கி, அந்த வீட்டார் கொடுத்த டீயைக் குடித்து முடித்ததும், வாசலில் நின்று வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவான். நான் அதைச் சொல்வதில்லை. எனக்கு அந்த மாதிரி வாய் வராது. அன்றைக்கு அவன் மூணு மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நாங்கள் எல்லோருமே வாசலுக்கு வந்தோம்.

மீனு பாலைக் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். கீழே கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்துச் சுருட்டினாள். வண்டிக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தூக்கினாள். பழக்க தோஷம், நானும் தூக்கிக் கேபினில் வைத்துவிட்டேன். நடு இடத்தில் உட்கார்ந்து, எங்களுக்காகக் காத்திருந்தாள். வசந்தா புதுத் துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றாள். மீனுவுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது: ஏற்றியாகிவிட்டது, வந்தாகிவிட்டது, இறக்கியாகிவிட்டது, குடித்தாகிவிட்டது. இனி இந்த வீட்டுக்காரம்மாவை விட்டுவிட்டு நாம் நம் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் சொன்னதைக் கேட்டு நானும் முருகையாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். வசந்தாவும் சிரித்தாள், பிறகு துடைப்பத்தோடு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, முருகையாவின் குரலிலேயே, தன்னைப் பெற்றவளிடம் மீனு சொன்னது இது:

"நல்லா இருங்கக்கா, வாரோம்."

சாவி

வீட்டுக்குப் போகணும் என்கிற அவள் பிடிவாதம் அன்றைக்குத் தொடங்கியது. வசந்தா வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு அங்கே இன்னும் லோடு கிடைக்கவில்லை. பகல் முழுக்க மீனுவும் நானும்தான். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றமாட்டாள். சாப்பிடுவாள், விளையாடுவாள், எல்லாம் செருப்போடு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி. அம்மா எப்போது நம்ம வீட்டுக்கு வருவாங்க என்று என்னிடம் கேட்பாள். ஐந்து மணியானால் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவாள். தூக்கி வைக்காவிட்டால் அழுகை.

அழுகையை நிறுத்தத்தானே என்று நானும் தினமும் ஒரு சுற்று கூட்டிப் போனேன். வாய்க்கால் கரையோடு போய், பாலம் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டில் திரும்பி, கொஞ்ச தூரத்தில் வண்டியை நிறுத்துவேன். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மலை தெரியும். பார்த்துவிட்டுத் திரும்புவோம். திரும்பும் இடத்தில் மீனு அழத் தொடங்குவாள், அழுது களைத்துத் தூங்கிவிடுவாள், தோளில் போட்டு உள்ளே கொண்டுவருவேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் எனக்கு அந்த இருபது நிமிஷம்தான் நன்றாக இருந்தது. மலையில் நான் ஷிஃப்டிங் அண்ணன், இங்கே டீச்சரூட்டுக்காரர். பிள்ளை வீட்டுக்குப் போகணும் என்று அழும்போது எனக்குள் ஒருவன் மெதுவாகத் தலையை ஆட்டுவான். நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆறாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த வசந்தா, சேலையில் சாக்பீஸ் தூளோடு, எங்கள் வண்டி வெளியே வர வழியில்லாதபடி கேட்டருகே நின்றாள். சத்தம் போடவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்கிற குரல்:

"அவ ஏறி ஒக்காருதா, சரி. சாவியத் திருகுதது யாருங்க?"

முருகையாவின் ஃபோன்

மறுநாள் முருகையா கூப்பிட்டான். இப்போது வேறொருவர் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறான். மூணாற்றில் குளிர் அள்ளுகிறது, ஜீப்புகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்று ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னான். மீனு ஃபோனைப் பிடுங்கி, கயிறு எடுத்துக்கொண்டு உடனே வா என்று அவனுக்கு உத்தரவு போட்டாள். பிறகு அவன் என்னிடம், பாப்பாவுக்கு என்னண்ணே பிடிக்கவில்லை என்று கேட்டான்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். அவளுக்கு இந்த வெயில் ஆகவில்லை. தண்ணீர் ருசி வேறாக இருக்கிறது. தெருவில் நடந்தால் முகம் தெரிந்து சிரிக்க ஓர் ஆள் இல்லை. பேச்சும் வேறு மாதிரி இருக்கிறது, ஒரு வார்த்தைக்கு ரெண்டு 'ங்க' போடுகிறார்கள். இத்தனை நாள் இருந்த இடத்தில் கிடைத்த மதிப்பு புது இடத்தில் கிடைக்குமா? முருகையா குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க சொல்லுதத வச்சுப் பாத்தா, பாப்பாவுக்கு அம்பத்து நாலு வயசு ஆன மாதிரில்லா இருக்கு."

சின்னச்சாமியின் சந்தேகம்

ஒன்பதாம் நாள் சின்னச்சாமி தண்ணீர் மோட்டார் பார்க்க வந்தார். மோட்டாரைப் பார்த்துவிட்டுக் கூடத்தையும் பார்த்தார். பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியபடியே இருந்தன, கயிறு அவிழ்க்காமல். டிவி அட்டைக்குள் இருந்தது. கட்டிலை மாட்டவில்லை, பாயில்தான் படுக்கை. சிவப்பு சைக்கிள்கூடக் கட்டிய கட்டோடு நின்றது. சமையலுக்கு வேண்டிய நாலு பாத்திரத்தைத்தான் வசந்தா வெளியே எடுத்திருந்தாள். மற்றதெல்லாம் என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன். அவிழ்த்தால் பிள்ளை இழுத்துப் போட்டுவிடுவாள், அதனால்தான் என்று அவரிடம் விளக்கினேன். பிள்ளை மூலையில் ஒரு தேங்காய் மட்டையை வைத்துச் சாதுவாக விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சரூட்டுக்காரரே, அதுக்குள்ளயும் காலி பண்றீங்களா? ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே."

முதல் லோடு

அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர், மறுநாள் ஒரு லோடோடு வந்தார். அவர் தங்கை மகள் சித்ராவும் மாப்பிள்ளையும் வண்டித்தாவளத்திலிருந்து பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுகிறார்கள். வண்டி வருமா என்று கேட்டார். வண்டிக்கு பிரேக் பார்க்க வேண்டும் என்று நான் இழுத்தேன். அடுக்களையிலிருந்து வசந்தா, பிரேக் எல்லாம் நன்றாகத்தான் பிடிக்கிறது, வருவார் என்று எனக்குப் பதிலாகச் சொன்னாள். ஞாயிறு காலையில் நான் சட்டை மாட்டுவதற்குள் மீனு கேபினில் இருந்தாள். அவளை இறக்கிவிடத் தெம்பில்லாமல் கூட்டிப் போனேன்.

அந்த வீட்டில் ஒரு வயதுப் பையன் ஒருவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் கட்டிய பெட்டியை அவன் பிரித்தான், நான் கட்டினேன், அவன் பிரித்தான். நாலாவது தடவை சித்ரா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். இருக்கட்டும்மா, பிள்ளைகள் அப்படித்தான் என்றேன். சொல்லிவிட்டு, இது யார் பேசியது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். சித்தூர்ப் பக்கத்துப் புது வீட்டில் பால் பொங்கியது. மீனுவுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. சித்ரா அவளைத் தூக்கி, தம்பியோடு இங்கேயே இருந்துகொள்ளேன் தங்கம் என்று கொஞ்சினாள். மாட்டேன், எங்கம்மா வீட்டில் தனியாக இருக்காங்க என்றாள் மீனு. நான் கயிறு சுருட்டுகிற மும்முரத்தில் அதைக் காதில் வாங்கினேனே தவிர, யோசிக்கவில்லை.

திரும்பும்போது மணி நாலு. முதுகு பிடித்துக்கொண்டது, சட்டை உடம்போடு ஒட்டியது, வயிறு காய்ந்தது. காலையில் வசந்தா மொச்சைக்கொட்டையை ஊறப் போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். குழம்பு, அதற்கு முன்னால் ஒரு குளியல், இந்த இரண்டும்தான் மனதில் ஓடின. வண்டி நின்று, எஞ்சினை அணைத்த பிறகுதான் பார்த்தேன்: எங்கள் தெரு, எங்கள் கேட். வாய்க்கால் பாலத்தில் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. என் கை தானாக இங்கே திருப்பியிருக்கிறது. மாதக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. இப்போது இவள் அழுதால், மலைக்குத் திரும்பிவிடுகிறோம் என்று சொன்ன சொல்லை நான் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

மீனு அழவில்லை. முதுகுப்பக்கமாக இறங்கி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். வேலை முடிந்து வருகிற ஆண்களெல்லாம் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வோமோ அதைச் செய்தாள். போன இடத்தைப் பற்றிக் குறை சொன்னாள். அந்த வீட்டில் பாலில் சீனியே போடவில்லை, அந்தத் தம்பிக்குக் கயிறு சுருட்டத் தெரியவில்லை என்று அவள் அம்மாவிடம் அடுக்கிக்கொண்டே போவது கேபினில் எனக்குக் கேட்டது. இப்படியெல்லாம் ஒரு பிள்ளை தன் வீட்டில்தான் பேசும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வசந்தா வாசலுக்கு வந்து, என்ன இன்னும் லோடு பாக்கியிருக்கிறதா என்று கேட்டபிறகு எழுந்தேன்.

உள்ளே போய், கயிறறுக்கக் கத்தி எங்கே என்று கேட்டேன். கத்தியும் ஏதோ ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. பல்லால் கடித்து முதல் முடிச்சை அவிழ்த்தேன். மீனு இரண்டாவதை அவிழ்க்க வந்தாள். இந்தத் தடவை யாரும் அவளைத் தடுக்கவில்லை. பாதி அவிழ்த்தபோது பள்ளிவாசல் வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோன் போட்டு, வேறு ஆள் வந்தால் வீட்டை விட்டுவிடுங்கள் என்றேன். குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த வசந்தா, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்:

"மாசக் கடைசிக்கு இன்னும் நாலு நாள் கெடக்கே, அதுக்குள்ள என்னங்க அவசரம்?"

சாமானெல்லாம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. டிரைவர் இறங்கத்தான் பதினோரு நாள் பிடித்தது.